வைஃபை டிரைவர் தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று யாரிடம் கேட்க வேண்டும்?

அம்பத்தூர்_பெட்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐந்தே பேர் வேலை செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. குளிர்பதனக் கிடங்குகளின் வெப்பநிலையை அளந்து வைஃபை வழியாக அனுப்பும் பெட்டி செய்கிறோம். உள்ளே லினக்ஸ் ஓடும் போர்டு ஒன்று, அதில் ஒரு வைஃபை மாட்யூல். அதை இயக்கும் நிரலான டிரைவர் மாட்யூல் விற்றவர்கள் தந்தது, கர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதியோடு) சேர்ந்து வருவது அல்ல.

போன மாதம் கோயம்பேட்டில் ஒரு கிடங்கில் நான்கு பெட்டிகள் மாட்டினோம். முன்பக்க ரவுட்டரோடு சேர வேண்டிய இரண்டும் உடனே சேர்ந்துவிட்டன. பின்பக்கத்து இரண்டு பெட்டிகளுக்கு மட்டும் அங்கே ரவுட்டர் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. அதே இடத்தில் நின்று போனை எடுத்துப் பார்த்தால் சிக்னல் முழுசாக இருக்கிறது! ஆன்டெனா மாற்றினோம், ஏணி போட்டுப் பெட்டியை மேலே தூக்கி மாட்டினோம், கிடங்கின் தகரச் சுவர்தான் காரணம் என்று அரை நாள் பேசிக்கொண்டிருந்தோம், இப்படியே இரண்டு நாள் போனது. கடைசியில் பார்த்தால் அந்தப் பின்பக்க ரவுட்டர் தானாகவே 13-ஆம் சேனலைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்திருக்கிறது. பெட்டி எந்த நாட்டு வைஃபை விதியில் ஓடுகிறது என்று பார்க்க 'ஐடபிள்யூ ரெக் கெட்' அடித்தால் நாடு யுஎஸ் (அமெரிக்கா) என்று வருகிறது. யுஎஸ் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 11-ஆம் சேனலோடு கதை முடிந்தது, 12-ம் 13-ம் பெட்டியைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. டிரைவரின் மூல நிரலைத் திறந்து தேடினேன். மாட்யூலின் நினைவகத்தில் நாட்டுக் குறியீடு காலியாக இருந்தால் யுஎஸ் என்று வைத்துக்கொள் என்று ஒரே ஒரு வரி இருக்கிறது.

சரி, அதை ஐஎன் (இந்தியா) என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் அடுத்த லாட்டில் பாதி கொழும்புக்கும் துபாய்க்கும் போகிறது. அங்கே போய் ஐஎன் என்று சொல்லிக்கொண்டு ஒலிபரப்பினால் அதுவும் இதே தப்புதான். போதாக்குறைக்கு, பெட்டியை முதன்முதலில் அமைக்கும்போது அதுவே ஒரு ஹாட்ஸ்பாட்டும் திறக்கிறது. ஆபீசில் ஒருவர் வாடிக்கையாளரையே நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம் என்கிறார். இன்னொருவர் பக்கத்து ரவுட்டர்கள் என்ன நாடு சொல்கின்றன என்று கேட்டு எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். சில பெட்டிகளில் சிம் கார்டும் இருக்கிறது, அதை வைத்தும் கண்டுபிடிக்கலாமாம். முறைப்படி செய்ய வேண்டும் என்றுதான் கேட்கிறேன், எப்படியாவது ஓடினால் போதும் என்று அல்ல. ஒரு டிரைவர் இதை எப்படித் தீர்மானிக்க வேண்டும்?

கிண்டி_கர்னல் எழுதியது:

டிரைவர் தீர்மானிக்கவே கூடாது என்பதுதான் என் பதில். தனக்கு உறுதியாகத் தெரிந்தது ஏதாவது இருந்தால் அதைக் கர்னலிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும், தெரியாவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. உங்கள் மாட்யூல்காரர்கள் மீறியது இந்த இரண்டாவதை.

லினக்ஸில் 2008 கடைசியில் வந்த 2.6.28 கர்னலிலிருந்தே இதற்கான ஏற்பாடு சிஎஃப்ஜி80211 என்ற பகுதியில் இருக்கிறது. நாடு எது என்ற தகவல் நான்கு பக்கத்திலிருந்து வரலாம்: கர்னலே தொடக்கத்தில் வைப்பது, பயனர் சொல்வது, டிரைவர் சொல்வது, நாம் சேர்ந்த ஏபி (ரவுட்டர் மாதிரி வைஃபை தரும் கருவி) தன் பீக்கனில், அதாவது நான் இங்கே இருக்கிறேன் என்று விடாமல் அனுப்பும் அறிவிப்பில், சொல்வது. இதில் எதையும் கர்னல் கட்டளையாக எடுத்துக்கொள்வதில்லை, ஹின்ட் என்றுதான் பெயரே வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் வேறு வேறு நாடு சொன்னால், பல இடங்களில் இரண்டு நாட்டுக்கும் பொதுவாக அனுமதி உள்ளதை மட்டும் வைத்துக்கொள்ளும்.

யாருமே எதுவும் சொல்லாவிட்டால் 00 என்ற உலகப் பொது விதி. அதில் 1 முதல் 11 வரை ஒலிபரப்பலாம். 12, 13 இரண்டிலும் தானாக முந்திக்கொண்டு பேசக் கூடாது, கேட்கலாம். 5 கிகாஹெர்ட்ஸ் முழுக்க அப்படித்தான். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும்போது அங்கே ஏற்கெனவே ஒரு ஏபி பீக்கன் அனுப்புவது காதில் விழுந்தால், இங்கே இது அனுமதிக்கப்பட்ட சேனல்தான் போலிருக்கிறது என்று அந்தத் தடையைக் கர்னல் தளர்த்தும் (ரேடார்களும் பயன்படுத்தும் சேனல்களில் மட்டும் தளர்த்தாது). இப்போது உங்கள் கோயம்பேடு விஷயத்துக்கு வாருங்கள். டிரைவர் அந்த ஒரு வரியை எழுதாமல் சும்மா இருந்திருந்தால், உங்கள் பெட்டி 13-இல் ரவுட்டர் பேசுவதைக் கேட்டு, தானாகவே சேர்ந்திருக்கும். நீங்கள் ஏணியே எடுத்திருக்க வேண்டாம்.

காலியாக இருந்தால் யுஎஸ் என்ற பழக்கம் புதிதல்ல. ஆதெராஸ் நிறுவனத்தின் வைஃபை கார்டுகளில் நினைவகத்தில் 0 என்று இருந்தால் ஏடிஎச் டிரைவர் யுஎஸ் என்றுதான் எடுத்துக்கொள்ளும். அந்த வன்பொருளில் 0 என்பதற்கு அதுதான் பொருள் என்று செய்தவர்களே வரையறுத்திருந்தார்கள், அதனால் அங்கே அது சரி. உங்கள் மாட்யூலில் காலி என்பது வெறும் காலி, அதற்கு ஒரு நாட்டின் பெயரை வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த டிரைவருக்குள் சேனல் அட்டவணை ஏதாவது எழுதி வைத்திருக்கிறார்களா? இருந்தால் அதைத் தூக்க வேண்டும். நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், 2018 அக்டோபரில் அரசு அறிவிப்பு வந்த பிறகுதான் 5470 முதல் 5725 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் பட்டியலில் வந்தது. 5150 முதல் 5350 வரை, 5470 முதல் 5875 வரை, ஆக மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ். 2016-இல் டிரைவருக்குள் எழுதிவைத்த அட்டவணைக்கு இது எப்படித் தெரியும்? 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பாதி, அதாவது 5925 முதல் 6425 வரை, அதற்கான வரைவு விதிகள் 2025 மே மாதம் வந்தன. சட்டம் மாறிக்கொண்டே இருக்கும், பெட்டி பத்து வருஷம் சுவரில் தொங்கும். அதனால்தான் அட்டவணையை வயர்லெஸ் ரெக்டிபி என்று தனித் தொகுப்பாக வைத்திருக்கிறார்கள். முன்பு அதைப் படித்துச் சொல்ல சிஆர்டிஏ என்று ஒரு தனி நிரல் தேவைப்பட்டது. 4.15 கர்னலிலிருந்து 'ரெகுலேட்டரி.டிபி' என்ற கோப்பைக் கர்னலே நேராக ஏற்றிக்கொள்கிறது, கோப்பு அசல்தானா என்று அதன் டிஜிட்டல் கையெழுத்தையும் சரிபார்க்கிறது. அந்தக் கோப்பை மட்டும் அவ்வப்போது புதுப்பித்தால் போதும், டிரைவரைத் தொடவே வேண்டாம்.

ஓஎம்ஆர்_ஃபர்ம்வேர் எழுதியது:

கிண்டி_கர்னல் சொன்னதில் பாதிக்கு முழுச் சம்மதம். மீதிப் பாதியில், பல வருஷமாக ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே ஓடும் நிரல்) பக்கம் வேலை செய்தவன் என்ற முறையில், ஒன்று சேர்க்க வேண்டும். ஓப்பன் சோர்ஸ் பக்கம் இருக்கும் நண்பர்கள் ஃபர்ம்வேரைப் பூட்டி வைப்பது பற்றி எப்போதும் கோபப்படுவார்கள், எனக்கும் அந்தக் கோபம் புரியும். ஆனால் பூட்டு ஏன் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் விமான நிலையங்களுக்குப் பக்கத்தில் காற்றுவெட்டை (காற்றின் வேகமும் திசையும் திடீரென மாறுவதை) கண்டுபிடிக்கும் வானிலை ரேடார்கள் இருக்கின்றன, 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்பவை. 2009 வாக்கில் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் அந்த ரேடாரில் குறுக்கீடு வந்தது. தேடிப் போனால் 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புறக் கருவிகள். விமானம் இறங்கும் நேரத்துக் காற்றைப் பார்க்கும் ரேடார் அது, விளையாட்டு விஷயம் இல்லை. பிறகு 2014-இல் எஃப்சிசி (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம்), 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகளின் மென்பொருளை வெளியார் மாற்றி அனுமதிக்கு மீறி ஒலிபரப்ப முடியாதபடி தயாரிப்பாளரே காக்க வேண்டும் என்று விதி போட்டது. 2016-இல் ரவுட்டர் செய்யும் டிபி-லிங்க் 2 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்ததும் பயனர் நாட்டை மாற்றிக்கொள்ள வழி இருந்ததால்தான். வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்தால் அமெரிக்க வரம்பைத் தாண்டி ஒலிபரப்ப முடிந்தது.

இதனால்தான் சில நிறுவனங்கள் கர்னலிடம் கேட்காமல் ஃபர்ம்வேருக்குள்ளேயே முடிவெடுக்கின்றன. இன்டெலின் வைஃபை சிப்புகளில் எல்ஏஆர் என்ற ஏற்பாடு இந்த வகைதான், சுற்றியிருக்கும் ஏபிகளைக் கேட்டு எந்த நாடு என்று அதுவே முடிவுசெய்யும். சுற்றிலும் ஏபியே இல்லாத ஊரில் அது எதையும் உறுதியாகச் சொல்ல முடியாமல் 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் திறக்க விடாது. பயனருக்கு அது எரிச்சல்தான். ஆனாலும் தெரியாதபோது சும்மா இருக்கிறது பாருங்கள், அந்தக் குணம் சரியானது.

உங்களுக்கு என் யோசனை: வாடிக்கையாளரிடம் நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். கிடங்குக்காரருக்கு அது என்னவென்றே தெரியாது, நெட் வேலை செய்யும் வரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார். பெட்டி எந்த நாட்டுக்குப் போகிறது என்று உறுதியாகத் தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான், பில் போடும் நீங்கள். அதனால் ஃபேக்டரியிலேயே லாட்டுக்கு லாட் எழுதுங்கள், கொழும்புக்கு எல்கே, துபாய்க்கு ஏஇ, இங்கே விற்பதற்கு ஐஎன். அந்தந்த நாட்டு அனுமதியும் எப்படியும் வாங்கியாக வேண்டும், இங்கே மத்திய அரசின் டபிள்யூபிசி தரும் ஈடிஏ என்ற ஒப்புதல் மாதிரி. அப்புறம் அந்த நாடு அனுமதிக்கும் அளவுக்குக் கீழே குறைத்துக்கொள்ள மட்டும் பயனருக்கு வழி விடுங்கள்.

வேளச்சேரி_வாசி எழுதியது:

பக்கத்து ரவுட்டரைக் கேட்கும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள் சார், அனுபவத்தில் சொல்கிறேன். 802.11டி என்ற வைஃபை தரம் 2001-லேயே வந்துவிட்டது. ஏபி தன் பீக்கனில் நாட்டுக் குறியீட்டையும் சேனல் வரம்பையும் சொல்ல வேண்டும், புதிதாக வரும் கருவி அதைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடு, ஏபி பொய் சொல்லாத வரை.

எங்கள் வீட்டு ரவுட்டர் மச்சான் வெளிநாட்டிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. அது வேளச்சேரியில் நடு ஹாலில் உட்கார்ந்துகொண்டு நான் யுஎஸ்ஸில் இருக்கிறேன் என்று நொடிக்குப் பத்துத் தடவை சொல்லிக்கொண்டிருந்தது. லேப்டாப் அதில் சேர்ந்த உடனே யுஎஸ் ஆகிவிட்டது. நான் 'ஐடபிள்யூ ரெக் செட் ஐஎன்' அடித்தேன். ஐஎன் வரவில்லை, 98 என்று வந்தது! அப்படி ஒரு நாடு எங்கே இருக்கிறது என்று ராத்திரி முழுக்கத் தேடினேன். அது நாடே இல்லை. ஏபி சொன்னதும் நான் சொன்னதும் ஒத்துப்போகாததால் இரண்டுக்கும் பொதுவானதை மட்டும் வைத்துக் கர்னல் போட்ட எண். கர்னல் நண்பர் மேலே சொன்னது இதைத்தான். இதே மாதிரி 99 என்று பார்த்தால் டிரைவர் தானே எழுதி வைத்திருக்கும் அட்டவணை என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பெட்டியின் லாகில் இந்த எண்கள் வருகிறதா என்று பாருங்கள்.

எங்கள் அடுக்ககத்தில் அறுபது வீடு, அறுபது ரவுட்டர். அதில் எத்தனை சரியான நாட்டைச் சொல்கின்றன என்று ஒரு ஸ்கேன் போட்டுப் பாருங்கள், அப்புறம் எதை நம்புவது என்று உங்களுக்கே குழப்பம் வந்துவிடும்.

சிம் யோசனை இதைவிட எவ்வளவோ மேல், ஏனென்றால் மொபைல் டவரைத் தற்செயலாக யாரும் சூட்கேஸில் கொண்டுவந்து வைக்க முடியாது. ஆனால் சிம் எந்த நாட்டில் வாங்கியது என்று பார்க்கக் கூடாது, இப்போது எந்த நெட்வொர்க்கில் பதிவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் ஊர் என்றால் நெட்வொர்க்கின் எண் 404, 405 என்று தொடங்கும், இலங்கை 413, அமீரகம் 424. அதிலும் ஓர் எல்லை உண்டு. தனுஷ்கோடி போனவர்களைக் கேளுங்கள், மணலில் நம் மண்ணில் நின்றுகொண்டிருக்கும்போதே போன் இலங்கை டவரைப் பிடித்துவிடும்.

ஐபி முகவரியை வைத்து நாட்டைக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நெட்டே வைஃபை வழியாகத்தான் வர வேண்டும், வைஃபை தொடங்க நாடு தெரிய வேண்டும், எங்கே போய் முடியும் இது.

மொட்டைமாடி_ஆன்டெனா எழுதியது:

தம்பி, எல்லோரும் நாடு நாடு என்றே பேசுகிறீர்கள். ஆன்டெனா மாற்றினோம் என்று ஒரு வார்த்தை போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் பக்கென்றது.

விதி எந்த அளவைக் கேட்கிறது என்று பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 2005 ஜனவரியில் வந்த நம் அறிவிப்பில் டிரான்ஸ்மிட்டர் 1 வாட், ஆன்டெனாவிலிருந்து ஒரு திசையில் வெளியே போவது 4 வாட், ஆன்டெனா உயரம் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து 5 மீட்டருக்குள், என்று மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன. 4 வாட் என்றால் 36 டிபிஎம் (ஒலிபரப்புத் திறனின் அலகு). உங்கள் மாட்யூல் 20 டிபிஎம் கொடுக்கிறது என்று வையுங்கள், அதில் 9 டிபிஐ கெயின் (ஆன்டெனா சிக்னலை ஒரு திசையில் குவிக்கும் அளவு) உள்ள ஆன்டெனா போட்டால் 29 ஆகிறது, இங்கே பிரச்சினை இல்லை. அதே பெட்டி ஐரோப்பாவுக்குப் போனால் அங்கே 2.4-இல் மொத்தமே 100 மில்லிவாட், அதாவது 20 டிபிஎம். 2 டிபிஐ ஆன்டெனா போட்டாலே வரம்பைத் தாண்டிவிடும். நாட்டுக் குறியீடு நூற்றுக்கு நூறு சரி, ஆனால் பெட்டி சட்டத்தை மீறுகிறது.

டிரைவருக்கு இது தெரியவே தெரியாது. யார் எந்த ஆன்டெனாவைத் திருகினார்கள் என்று சிப்புக்கு எப்படித் தெரியும்? அதனால் போர்டு செய்பவர் ஆன்டெனாவின் கெயினை எங்காவது எழுதி வைத்து, டிரைவர் அதைக் கழித்துக்கொண்டு மின்திறனை வைக்க வேண்டும். நாட்டைக் கண்டுபிடிப்பது எவ்வளவு முக்கியமோ அதே அளவு இதுவும் முக்கியம், ஆனால் இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் எட்டு, பத்து டிபிஐ என்று எழுதிய ஆன்டெனாவை அள்ளிக்கொண்டு வந்து திருகுகிறார்கள். எழுதியது உண்மையாகவும் இருக்காது, அது வேறு.

ரேடார் பற்றி ஒன்று. சென்னைத் துறைமுகத்தில் இருக்கும் டாப்ளர் வானிலை ரேடார் எஸ் பேண்ட். 5.6 கிகாஹெர்ட்ஸுக்கும் அதற்கும் வெகு தூரம், உங்கள் பெட்டியால் அதற்குத் தொல்லை வராது. அதை வைத்து, இங்கே ரேடார் சேனலில் என்ன செய்தால் என்ன என்று நினைத்துவிடாதீர்கள். தில்லியிலும் ஜெய்ப்பூரிலும் சி பேண்ட் ரேடார்கள் இருக்கின்றன, அதாவது 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம். ஐஎன் என்ற ஒரே குறியீடு இரண்டு ஊருக்கும் சேர்த்துத்தான். ரேடார் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் வேலையை டிரைவரால் ஒழுங்காகச் செய்ய முடியாது என்றால், 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ஹாட்ஸ்பாட் திறக்க முடியாது என்று அதுவே கர்னலிடம் சொல்லிவிட வேண்டும்.

அம்பத்தூர்_பெட்டி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் காத்திருந்தேன்.

முதல் வேலையாக யுஎஸ் வரியை எடுத்தேன். வேறு எதுவும் மாற்றவில்லை, ஐஎன் கூடப் போடவில்லை, அப்படியே கோயம்பேட்டுக்கு எடுத்துப் போனேன். பெட்டி 00-இல் எழுந்தது, இருபது நொடியில் 13-ஆம் சேனலில் சேர்ந்துவிட்டது. கிடங்குக்காரர் இவ்வளவுதானா என்று கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

டிரைவருக்குள் அட்டவணை இருந்தது கர்னல் சார், நீங்கள் கேட்டது போலவே. 5470-க்கு மேல் இந்தியாவுக்கு எதுவும் இல்லை, 2018-க்கு முந்தைய காலத்தது போலிருக்கிறது. அதையும் எடுத்துவிட்டு ரெகுலேட்டரி.டிபி கோப்பை மாதாமாதம் போகும் புதுப்பிப்பில் சேர்த்துவிட்டோம். நாட்டை ஃபேக்டரியில் பெட்டியின் வரிசை எண் ஒட்டும்போதே எழுதுகிறோம், தொடக்கத்தில் ஒரு சின்ன நிரல் அதை எடுத்துக் கர்னலிடம் சொல்கிறது. சிம் உள்ள பெட்டிகளில் டவர் சொல்லும் நாடும் எழுதியிருக்கும் நாடும் ஒத்துப்போகாவிட்டால் எதையும் சொல்லாமல் 00-இலேயே விட்டுவிடும்படி வைத்திருக்கிறோம், தனுஷ்கோடிக் கதையைப் படித்த பிறகுதான் அது தோன்றியது. அமைப்பதற்கான ஹாட்ஸ்பாட் இனி 1, 6, 11 மூன்றில் ஒன்றில் மட்டும்தான் திறக்கும், 5 கிகாஹெர்ட்ஸில் கிடையாது.

ஆன்டெனா ஐயா, கோயம்பேட்டில் மாட்டியது உண்மையாகவே 9 டிபிஐ என்று எழுதிய ஒன்று. கழற்றிவிட்டுப் பழைய 2 டிபிஐயையே போட்டுவிட்டேன், சிக்னலுக்கு ஒரு குறையும் இல்லை. கெயின் எண்ணைப் போர்டு கோப்பில் எழுதி டிரைவர் கழிக்கும்படி செய்வது பாதியில் நிற்கிறது. மின்திறனை எங்கே வைக்கிறார்கள் என்பதே அந்த டிரைவரில் மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கிறது. அது முடியும் வரை கொழும்பு, துபாய் லாட்டை அனுப்பவில்லை.

கிண்டி_கர்னல் எழுதியது:

அனுப்பாமல் வைத்தது நல்லது. மூன்று இடத்தையும் தேட வேண்டாம். சேனல் பட்டியலைப் பதிவுசெய்யும் இடத்தில் ஒவ்வொரு சேனலுக்கும் அதிகபட்சத் திறன் என்று ஒரு புலம் இருக்கும், கர்னல் எந்த நாட்டு விதி வந்தாலும் அதைத் தாண்டி ஏற்றாது. கெயினை அங்கேயே கழித்து எழுதிவிடுங்கள், தற்காலிகமாகப் போதும். ஒவ்வொரு நாட்டின் வரம்புக்கும் கணக்குப் போடாமல், நீங்கள் அனுப்பும் மூன்றில் எது குறைவோ அதையே எல்லாவற்றுக்கும் வையுங்கள். அந்த யுஎஸ் வரியை எடுத்த பேட்சை (நிரல் திருத்தத்தை) மாட்யூல்காரர்களுக்கும் அனுப்புங்கள், அதே மாட்யூல் வேறு எத்தனை பெட்டிக்குள் போயிருக்கிறதோ.

அம்பத்தூர்_பெட்டி எழுதியது:

இன்று காலையே அனுப்பிவிட்டேன், 13-ஆம் சேனல் லாகையும் சேர்த்து. பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.